நேற்று ராத்திரி குடித்தது விடியற்காலையில் காட்டும்: லாரி ஓட்டுநரின் லைசன்ஸும் குடி வழக்கும்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களில் ராத்திரியெல்லாம் விளக்கு எரியும். மூன்று மணிக்குள் மூட்டை ஏற்றினால்தான் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் வண்டி நிற்கும். லோடு ஏறும் வரை ஓட்டுநர் கேபினில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். குளிர் தாங்காமல் படுக்கும் முன் ஒரு குவார்ட்டரை முடித்தவரும் உண்டு. ‘அது நேத்து குடிச்சது, தூங்கி எந்திரிச்சாச்சு’ என்பார்.

ஓட்டுநர்களுக்கு மனு எழுதிக்கொடுப்பது என் வேலை. குடி வழக்கில் மாட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில், தள்ளாடிக்கொண்டு ஓட்டியவர்களைவிட இந்தத் தூக்கக் கணக்கை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு சொல்லும் அளவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். நிதானமாக இருந்தேன், வண்டி நேராகத்தான் போனது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் வரை ஏற்றும். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். பத்து மணிக்குக் குடித்தவர் மூன்று மணிக்குக் கிளம்பினால் இன்னும் 75 இருக்கும். 30-க்கு இறங்க ஆறு மணியாவது ஆகும். மோர், கட்டங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. மலை இறங்கும் வழியில் பர்லியாரில் நிறுத்தி ஊதச் சொன்னால் கருவி உள்ளதைக் காட்டிவிடும்.

ஊத மாட்டேன் என்று முறைத்துக்கொள்வதில் லாபமில்லை. மறுத்ததும் வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். குடி வழக்கில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். இது ஓட்டுநருக்குள்ள உரிமை. அபராதத்தை அந்த இடத்திலேயே கட்டி முடிக்க வழியில்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் முறை 10,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 15,000 ரூபாய், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பத்தாயிரத்தைக் கட்டியதும் விஷயம் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. போன மழைக்காலத்தில் ஓர் அண்ணன் வந்தார். ஆர்.சி. புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“தம்பி, ஃபைன் கட்டிட்டேன், வண்டியும் வந்திருச்சு. இந்தச் சீட்ட வச்சு ஓட்டலாம்ல?”

“ஓட்டக்கூடாதுண்ணா. லைசன்ஸ் வாங்கி வச்சதுக்கு அத்தாட்சி மட்டும்தான் இது.”

அவருக்கு முகம் வாடிப்போனது. ஏற்கெனவே நாலு டிரிப் அடித்திருந்தார். போலீஸார் 206-ஆம் பிரிவின்படி லைசன்ஸை எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவிட்டால், அது திரும்பக் கைக்கு வரும் வரை ஓட்ட அனுமதியில்லை. ஆர்.டி.ஓ. ஓட்டுநரை அழைத்து விசாரிக்க வேண்டும். விளக்கம் சரியென்று பட்டால் விட்டுவிடலாம். இல்லையென்றால் முதல் முறைக்கு 3 மாதத் தடை. மூன்று மாதம் முடிந்தாலும் புத்தாக்கப் பயிற்சியை முடித்தவருக்கே லைசன்ஸ் திரும்ப வரும். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த அண்ணனுக்கு வந்த விசாரணை நோட்டீஸ் அவர் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போயிருந்தது. பேசவேண்டிய நாளில் அவர் பேசாமலேயே உத்தரவு வந்துவிட்டது. வீடு மாறினால் லைசன்ஸில் முகவரியையும் மாற்றிவிடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

தடைக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். 185-இல் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் கோர்ட்டே லைசன்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, வேறு மாவட்டத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்றால், பதிவெல்லாம் நாடு முழுக்க ஒரே கணினியில் இருக்கிறது.

குடி வழக்கில் மாட்டிய ஓட்டுநரிடம் முதலாளிகள் ஏன் இரக்கம் பார்ப்பதில்லை என்று கேட்கிறார்கள். இன்சூரன்ஸ்தான் காரணம். குடித்து ஓட்டியதை 2019 திருத்தம் பாலிசி நிபந்தனை மீறலில் சேர்த்துவிட்டது. விபத்தில் அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும் அதை உரிமையாளரிடம் வசூலிக்கக் கேட்கலாம். தன் வண்டிக்கான சேதமும் பாலிசியில் வராது. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு வீடே போய்விடும். ஆனால் குடித்திருப்பது தெரிந்தும் ‘லோடு கெட்டுடும், எடு வண்டிய’ என்று அனுப்பும் முதலாளிக்கும் 188-ஆம் பிரிவில் அதே தண்டனை உண்டு. இது பல பேருக்குத் தெரியாது. முதலாளி வற்புறுத்தினால் இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

போதைப் பொருளுக்கு 30 மாதிரி எண் இல்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவு அதன் பாதிப்பு இருந்தால் அதே 185 பாயும். இருமல் மருந்தும் சளி மாத்திரையும் தூக்கம் தரும், அதனால் வாங்கும்போதே ‘மலை இறங்கணும்’ என்று மருந்துக்கடையில் சொல்லுங்கள். கூடலூர் வழியாகக் கேரளா, கர்நாடகா போகிறவர்கள் யாரோ கொடுக்கும் பார்சலை ஏற்றவே கூடாது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருடச் சிறை. தனக்குத் தெரியாது, தக்க எச்சரிக்கையோடுதான் இருந்தேன் என்று உரிமையாளர் நிரூபிக்காவிட்டால் வண்டியும் பறிபோகும்.

பழக்கத்தை விடமுடியாமல் தவிப்பவருக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. போதைப் பொருள் உட்கொண்ட வழக்கிலோ சிறு அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சையை முழுதாக முடித்தால், போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. குடியோ மற்ற போதையோ, எதுவானாலும் 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். வீட்டு அம்மாவும் கூப்பிட்டுக் கேட்கலாம்.