உருகு உப்பு லைனில் தடிமன் ‘ஏறினால்’ சந்தோஷப்படாதீர்கள்

“சார், போன தடவை இந்த எல்போ வளைவு 7.9 மி.மீ. இருந்துச்சு, இப்போ 8.4 காட்டுது. ஏறியிருக்கு சார்!”

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம், சூட்டைக் கடத்த உருகிய உப்பு ஓடும் பைப் லைன்களில் சுவர்த் தடிமன் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. இரும்பு என்ன வாழைத்தண்டா, வளர்வதற்கு? போன தடவை எடுத்தது ஆலையை நிறுத்திய ஷட்டவுனில், ஆறிய பைப்பில். இந்தத் தடவை எடுத்தது லைன் ஓடும்போது, 380 டிகிரியில். எஃகு சூடேற ஏற அதற்குள் ஒலி மெதுவாகப் போகும். 55 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் சொல்லும் கேஜுக்கு இது தெரியாது. 30 டிகிரியில், தடிமன் தெரிந்த டெஸ்ட் பிளாக்கை வைத்து நாம் செட் செய்த வேகம்தான் அதற்குத் தெரியும். எதிரொலி தாமதமாகத் திரும்பினால், பைப் தடிமனாக இருக்கிறது என்று காட்டிவிடும். 350 டிகிரி வித்தியாசத்துக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுதல். 8.4 என்று காட்டினால் நிஜம் 7.9தான்.

இது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சூடான பைப்பிலும் அதே 7.9 வந்தால்தான் ஆபத்து. “மாற்றம் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உண்மையில் அங்கே 7.4தான் மிச்சம். நல்ல நிலையில் உள்ள நைட்ரேட் உப்பில், இந்த வெப்பத்தில், சாதா கார்பன் ஸ்டீல் ஆண்டுக்குச் சில பத்து மைக்ரான்தான் கரையும். அரை மி.மீ. போயிருக்கிறது என்றால் லைனுக்கு வயசாகிவிட்டது, இல்லாவிட்டால் உப்பு கெட்டுப்போயிருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் பைப்பின் வெப்பநிலையை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் இல்லாத ரிப்போர்ட்டை நான் வாங்கிக்கொள்வதில்லை.

கையோடு இன்னொன்று. ஒலி பைப்புக்குள் இறங்கத் தடவும் சாதா ஜெல் அந்தச் சூட்டில் புகைந்து காய்ந்துவிடும் என்பதால் சிலர் கிரீஸைத் தடவிவிடுகிறார்கள். உள்ளே ஓடுவது நைட்ரேட்; எரிவதற்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும் உப்பு. கசிவு இருக்கிற இடத்தில் கிரீஸ் தடவுவது வேண்டாத வேலை. உயர் வெப்பத்துக்கான ஜெல், அதற்கேற்ற இரட்டைப் படிக ப்ரோப் (ஒலியை அனுப்ப ஒரு படிகம், வாங்க ஒரு படிகம்), சில விநாடி தொட்டு எடுத்து ஆறவிடுவது, இதுதான் முறை.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சூடான பைப்பில் 0.1 மி.மீ. முன்னே பின்னே ஆகும். ஓராண்டு அரிப்பே அதைவிடக் குறைவு. ஆக, கேஜ் சொல்வது பழைய கதை. இப்போது என்ன வேகத்தில் அரிக்கிறது என்று தெரிய, அதே ரக எஃகில் வெல்டு வைத்த சின்னத் துண்டுகளை, கூப்பன் என்போமே, உப்பில் தொங்கவிட வேண்டும். ஒன்று முழுக்க மூழ்கி, இன்னொன்று உப்பின் மேல்மட்டத்தில் பாதி மூழ்கி. இதிலும் அதே ஏமாற்று உண்டு. வெளியே எடுத்துத் தண்ணீரில் கழுவி நிறுத்தால் கூப்பன் எடை கூடியிருக்கும். “அரிப்பே இல்லை” என்று முடிவு கட்டுவார்கள். ஒட்டியிருக்கும் ஆக்சைடுப் படலத்தின் எடை அது; அதற்கு இரும்பைக் கொடுத்ததே அந்தக் கூப்பன்தான். படலத்தை முறைப்படி அமிலத்தில் நீக்கிய பிறகு நிறுத்தால்தான் இழப்பு தெரியும்.

கேஜையும் கூப்பனையும் விட முன்கூட்டியே பேசுவது உப்பு. பல ஆலைகளில் ஓடுவது 53 பங்கு பொட்டாசியம் நைட்ரேட், 40 பங்கு சோடியம் நைட்ரைட், 7 பங்கு சோடியம் நைட்ரேட் கலவை. 142 டிகிரியில் உருகும். சுமார் 450 டிகிரிக்கு மேல் போனால் நைட்ரைட் மெல்லச் சிதைந்து, உப்பின் காரத்தன்மை ஏறும்; பைப்பைக் காக்கும் ஆக்சைடுப் படலத்தை அந்தக் காரம் தின்னும். காற்றைத் தடுக்க டேங்கில் நிரப்பியிருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் இறங்கிக் காற்று புகுந்தால் நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும், கார்பனேட்டும் சேரும். இவையெல்லாம் உறைநிலையை மேலே தள்ளும். ஒரு கரண்டி உப்பும், வெப்பம் அளக்க ஒரு தெர்மோகப்பிளும் இருந்தால் உறைநிலையை ஷிப்டிலேயே பார்த்துவிடலாம். காரம், குளோரைடு, இரும்பு, குரோமியம் அளவுக்கு மட்டும் லேபுக்கு அனுப்புங்கள். டாப்-அப்புக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று உரக்கடை பொட்டாசியம் நைட்ரேட்டைக் கொட்டாதீர்கள். அதிலுள்ள குளோரைடு பயிருக்குப் பெரிதல்ல, ஆக்சைடுப் படலத்துக்குப் பெரிது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகு உப்பு அணு உலையிலும், அரிப்பை அறிய அவர்கள் முக்கியமாகப் பார்த்தது உப்பில் ஏறும் குரோமியத்தின் அளவைத்தான். அது ஃபுளோரைடு உப்பு, அங்கே காக்கும் படலமே நிற்காது. கல்பாக்கத்தில் ஆராயப்படும் குளோரைடு உப்புகளும் அந்த ஜாதிதான். நைட்ரேட்டுக்கான விதியை அங்கே பொருத்தக் கூடாது. உருகிய உப்புக்குள் மின்முனை வைத்து உடனுக்குடன் அளக்கும் முறைகளும் உண்டு, ஆனால் நம் ஆலைகளில் அரிது.

உப்பைச் சூடாக்கும் ஹீட்டர் டியூபை மறந்துவிடாதீர்கள். டேங்கில் 400 என்று காட்டும்போது, தீ படும் டியூபின் சுவரையொட்டிய உப்பு அதைவிடச் சூடாக இருக்கும். உப்பு முதலில் கெடுவது அங்கேதான். டியூபின் சுவர்ச் சூட்டை அளக்கும் ஸ்கின் தெர்மோகப்பிள் பழுதானால் “அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கலாம்” என்று விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு.

இத்தனையும் உள்ளே இருக்கும் உப்பு. நம் ஊரில் வெளியேயும் உப்பு இருக்கிறது. உப்பனாற்றைத் தாண்டினால் கடல்; ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும், பைப்பைச் சுற்றிய இன்சுலேஷனை மூடும் கிளாடிங் ஷீட்டின் ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். லைன் 300 டிகிரிக்கு மேல் ஓடும்வரை தண்ணீர் தங்காது. ஏறக்குறைய 175 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் வெளிப்புற அரிப்பு தொடங்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் கடல் குளோரைடால் விரிசலே விடும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போய், லைனை வடித்துவிட்டு, ஆலை நாள்கணக்கில் ஆறிக் கிடக்கும்போது வெளிச்சுவர் நனைகிறது, உள்சுவரில் படலம் வெடித்து உதிர்கிறது. அந்த நாட்களில்தான் லாக் புக்கும் காலியாக இருக்கும்.

ஆகவே புயலுக்குப் பிறகு லைனைச் சூடேற்றும் முன், ஒவ்வொரு சப்போர்ட்டுக்கும் பக்கத்தில் பைப்பின் அடிப்பக்கக் கிளாடிங்கைக் கழற்றிப் பாருங்கள். கை வைத்தால் ஈரமாக இருக்கும் இன்சுலேஷனைக் காயவைக்காமல் மாற்றுங்கள். காய்ந்தாலும் குளோரைடு அதிலேயேதான் இருக்கும். பைப் ஆறியிருக்கும் அந்த வேளையிலேயே ஒரு குளிர் ரீடிங்கும் எடுத்துவிடுங்கள், அதே பாயின்ட்டில், பெயின்ட் மார்க்கர் குறியோடு.