‘ஸ்ட்ராடஜி’க்குத் தமிழில் என்ன?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவின் மகன் ஒரு கணினி விளையாட்டுக்காகக் காத்திருக்கிறான். அது இன்னும் வெளிவரவில்லை. இரண்டு நிமிட முன்னோட்டம் ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொடியின் மூலையில் தெரிவது நந்தியா வேறு விலங்கா என்று நண்பர்களோடு வாதாடிக்கொண்டிருக்கிறான். நந்தி என்றால் யாழ்ப்பாண அரசு. நல்லூரிலிருந்து ஆண்டு, 1619இல் போர்த்துக்கேயரிடம் நாட்டை இழந்த ஆரியச் சக்கரவர்த்திகளை ஆட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். எனக்கு அது நரி போலத் தெரிந்தது. சொல்லவில்லை.

“இது என்ன வகை விளையாட்டு, தம்பி?”

“ஸ்ட்ராடஜி கேம், மாமா.”

“தமிழில் சொல் பார்ப்போம்.”

சற்று யோசித்து, “மூலோபாய விளையாட்டு” என்றான். சொன்ன கையோடு அவனே சிரித்துவிட்டான்.

சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. மூலோபாயம் இலங்கை அலுவலகத் தமிழுக்கே உரிய சொல். அமைச்சுகளின் திட்டங்களிலும் வங்கிகளின் ஆண்டறிக்கைகளிலும் அது தவறாமல் இருக்கும். தமிழ்நாட்டு வாசகர் பலருக்குப் பழக்கமில்லை. மூலம், உபாயம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. இதற்கு இணையாக ‘டாக்டிக்ஸ்’ என்பதற்குத் தந்திரோபாயம் என்று வைத்திருக்கிறோம். பொருளில் குறையில்லை. ஆனால் கோட்டைச் சுவர் இடிந்து விழும்போது வாயில் வரக்கூடிய சொல் அல்ல அது.

ஸ்ட்ராடஜி கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஸ்ட்ராடோஸ்’ என்றால் படை. ‘அகெய்ன்’ என்றால் நடத்திச் செல்வது. இரண்டும் கூடிய ‘ஸ்ட்ராடெகோஸ்’ படைத்தலைவனைக் குறித்தது. பழைய ஏதென்ஸில் ஆண்டுதோறும் பத்துப் பேரை வாக்களித்து அந்தப் பதவிக்குத் தேர்ந்தார்கள். அந்நகரின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்கிளீஸ் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆகவே ஸ்ட்ராடஜி என்பது படைத்தலைவனின் வித்தை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

டாக்டிக்ஸும் கிரேக்கந்தான். அதன் வேரில் இருப்பது ‘ஒழுங்காக நிறுத்துதல்’. நம் பத்திரிகைகள் தேர்தல் வந்தால் கட்சிக்கொரு வியூகம் வகுத்துத் தருகின்றனவே, அந்த வியூகம் என்ற வடசொல்லின் பொருளும் இதுவேதான்: பிரித்து, வகைப்படுத்தி நிறுத்துதல். சக்கர வியூகம், பதும வியூகம் எல்லாம் களத்தில் படை நின்ற கோலம். அப்படியென்றால் வியூகம் டாக்டிக்ஸின் உடன்பிறப்பு. அதைக் கொண்டுபோய் ஸ்ட்ராடஜியின் நாற்காலியில் அமர்த்தியது நம் பிழை.

வேறுபாட்டைப் பார்க்க யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனால் போதும். 1658இல், போர்த்துக்கேயர் கையிலிருந்த அதை ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டார்கள். அதே காலத்தில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்வாசலைக் காத்து நின்ற சின்னக் கோட்டையையும் மடக்கினார்கள். குடிநீர் தட்டுப்பட்டு அது பணிந்தது. (பிறகு ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹம்மன்ஹீல்: பன்றித்தொடையின் குதிக்கால்! இலங்கைத் தீவே அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்திருக்கிறது.) ஜூன் மாதத்தில் பெரிய கோட்டையும் விழுந்தது. பீரங்கியை எந்தச் சுவருக்கு எதிரே நிறுத்துவது என்பது வியூகம். கடல்வழியையும் பிடித்து உள்ளே இருப்பவனைக் காயவிடுவது ஸ்ட்ராடஜி.

இந்த இரண்டாவதற்குத் தமிழில் அசல் சொல் ஒன்று இருந்தது: சூழ்ச்சி. சூழ்தல் என்றால் ஆராய்தல், கலந்து எண்ணுதல். “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்று தொடங்குகிறது 671ஆம் குறள். ஆராய்ச்சியின் முடிவு துணிந்து இறங்குவது என்று பொருள். அங்கே வஞ்சகத்தின் வாடையே இல்லை. இன்று சூழ்ச்சி என்றால் யாரோ யாரையோ கவிழ்க்கப் பார்க்கிறார்கள். நல்ல சொல் கெட்ட சகவாசத்தால் கெட்டுவிட்டது. இது தமிழின் தனிச் சாபமும் அல்ல. அதே ஸ்ட்ராடெகோஸிலிருந்து பிறந்த ‘ஸ்ட்ராடஜெம்’ ஆங்கிலத்தில் எதிரியை ஏய்க்கும் தந்திரத்தைக் குறிக்கிறது. படைத்தலைவன் எந்த மொழியில் யோசித்தாலும் ஊரார் சந்தேகப்படுகிறார்கள் போலும்.

சூழ்ச்சியை மீட்கலாமா என்று எனக்கு ஆசைதான். ‘வரலாற்றுச் சூழ்ச்சி விளையாட்டு’ என்று பெட்டியில் போட்டால் பெற்றோர் வாங்கித் தரமாட்டார்கள். எஞ்சுவது உத்தி. இதுவும் வடமொழி ‘யுக்தி’யிலிருந்து வந்ததே. ஆனால் தொல்காப்பிய மரபியலே நூல் செய்வதற்கு 32 உத்திகள் சொல்கிறது; அவ்வளவு காலம் நம் வீட்டில் இருந்த பிறகு அதை யார் விருந்தாளி என்பது? சிறுகதைக்கும் துடுப்பாட்டத்துக்கும் உத்தி இருக்கிறது, சண்டைக்கும் இருக்கட்டும். என் தீர்ப்பு: ஸ்ட்ராடஜி உத்தி, டாக்டிக்ஸ் வியூகம், இந்த வகை ஆட்டம் உத்தி விளையாட்டு. மூலோபாயம் ஆண்டறிக்கையிலேயே சுகமாக இருக்கட்டும்.

மருமகனின் நந்தி ஆசையையும் முழுக்கப் பைத்தியம் என்று தள்ள முடியாது. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற உத்தி விளையாட்டின் இரண்டாம் பாகத்தில், 2022இல் திராவிடரைத் தனி இனமாகச் சேர்த்தார்கள்; இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்தலாம். அதில் அவர்களுக்குக் கிடைக்கும் சிறப்புகளில் ஒன்று ‘ஊட்ஸ்’ எஃகு. நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ ஆகியவற்றின் உறவுச் சொல் ஆங்கில வேடம் போட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அவன் விளையாட்டை ஒரு நிமிடம் நிறுத்தினான். அது பெரிய மரியாதை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்து நின்றான். “யானைகளை நன்றாகத்தான் நிறுத்தினேன், மாமா. பொன் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒருவனைக்கூட எடுக்க முடியவில்லை.” எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. “வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்” என்று 471ஆம் குறளைத் தொடங்கினேன். தன்வலியிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் இரவு நண்பர்களுக்கு அவன் அனுப்பிய செய்தியைக் காட்டினான்: “வியூகம் சரி, உத்தி பிழை.” கீழே ஒருவன் பதில் போட்டிருந்தான்: “மின்வெட்டு என்று சொல்லியிருக்கலாமே.”