தட்டில் வளரும் நியூரான்

காசிமேட்டில் விசைப்படகின் எஞ்சின் மக்கர் செய்தால், மெக்கானிக் கரையிலேயே பிரித்துப் போட்டுப் பார்த்துவிடுவார். "மூளைய அப்பிடி பிரிச்சுப் பாக்க முடியாதா தம்பி?" என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார். அவர் மகனுக்கு பைபோலார். சில வாரம் தலைகால் புரியாத உற்சாகம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. லித்தியம் மாத்திரை அவனுக்குக் கேட்கிறது. அதே நோயுள்ள அவன் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக்காக யார் மூளையிலும் துண்டு வெட்ட முடியாது. எலியிடம் மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும் முடியாது.

2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா குழு ஒரு குறுக்குவழி கண்டது. உடம்பின் அநேகமாக எல்லாச் செல்லிலும் முழு டிஎன்ஏ உண்டு. தோல் செல்லில் தோலுக்கு வேண்டாத ஜீன்கள் மூடிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். எலியின் தோல் செல்லுக்குள் நான்கே ஜீன்களைச் செலுத்த, பூட்டுகள் திறந்து அது கருவின் தொடக்க நிலைக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு மனித செல்லிலும் பலித்தது. 2012-இல் நோபல் பரிசு. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய இந்த ஸ்டெம் செல்லுக்கு, கருவில் மூளை உருவாகும்போது கிடைக்கும் வேதிச் சைகைகளை அதே வரிசையில் கொடுத்தால் ஆய்வகத் தட்டிலேயே நியூரானாக, அதாவது மூளையின் நரம்புச் செல்லாக, வளர்கிறது. நோயாளியின் ஜீன்கள் அப்படியே இருக்கும்.

2015-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவன ஆய்வாளர்கள் பைபோலார் நோயாளிகளின் செல்களிலிருந்து நியூரான்களை வளர்த்தார்கள். அவை அளவுக்கு மீறி மின்சைகைகளை அனுப்பித் துடித்தன. லித்தியம் சேர்த்ததும் சில அடங்கின, சில அடங்கவில்லை. அடங்கியவை எல்லாம் லித்தியம் கேட்டவர்களின் நியூரான்கள்! மூளையையே பார்த்திராத தோல் செல்லிலிருந்து வந்தவை இவை. படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, என்சிபிஎஸ் உயிரியல் ஆய்வு மையம் போன்றவை சேர்ந்து, மனநோய் பலருக்கு இருக்கும் குடும்பங்களில் ரத்தம் வாங்கி, அதன் செல்களை இதே வழியில் மாற்றி ஆராய்கின்றன. நோயில்லாத உறவினரின் ரத்தமும் வேண்டும்; ஒப்பிட வேறு என்ன இருக்கிறது?

சிக்கலும் உண்டு. யமனாக்கா முறை செல்லின் வயதையும் அழித்துவிடுகிறது. எழுபது வயதுக்காரரின் நியூரானும் கருக்குழந்தையுடையதைப் போலவே நடந்துகொள்ளும். முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயை ஆராய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

"அப்போ என் புள்ளைக்கும் இப்பிடிப் பாத்துதான் மாத்திரை எழுதுவாங்களா?" என்றார் அக்கா. ஒருவரின் நியூரானை வளர்த்தெடுக்கவே மாதக்கணக்காகும் என்றேன். இப்போதைக்கு அவன் ரத்தம் கொடுப்பது, அதில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான்.