பிரியும் செல்லின் கடைசி வெட்டு

செல் பிரிதல் என்றதும் பள்ளிப் பாடப்படம் நினைவுக்கு வரும். குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும், இரு பக்கமும் இழுபடும், செல் இடுப்பில் சுருங்கும், அடுத்த படத்தில் இரண்டு செல்கள் இருக்கும். அந்தக் கடைசி இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேலான கதை விட்டுப்போயிருக்கிறது. என்னைக் கேட்டால், செல் பிரிதலிலேயே மிக நுட்பமான கட்டம் அதுதான்.

இடுப்பைச் சுருக்குவது ஆக்டின், மயோசின் என்னும் புரதங்கள். நம் தசையை இயக்குகிற அதே குடும்பம். சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதுபோல் வளையமாக நின்று இறுக்குகின்றன. ஆனால் முழுதாக மூட முடியாது. குரோமோசோம்களைப் பிரித்த நுண்குழல்கள் கட்டாகத் திரண்டு நடுவே நிற்கும். அதனால் சுமார் 1 மைக்ரான் தடிமனில் ஒரு பாலம் மிஞ்சுகிறது. அதன் மத்தியில் இருக்கும் அடர்ந்த முடிச்சை 1891லேயே வால்தர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானியர் விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயரும் உண்டு, மிட்பாடி என்ற பெயரும் உண்டு.

இந்தப் பாலத்தை எப்படி அறுப்பது? பால் பாக்கெட் தயாராவதைப் பார்த்திருக்கிறீர்களா? நீளக் குழாயாக இறங்கும் பிளாஸ்டிக்கை இயந்திரத்தின் தாடைகள் வெளியிலிருந்து நசுக்கி, ஒட்டி, அறுக்கும். ஒரு சொட்டுப் பால் சிந்தாது. செல்லும் சிந்தக் கூடாது. அதன் சவ்வு வெறும் 5 நானோமீட்டர் அளவே தடித்த கொழுப்புப் படலம். அது கிழிந்தால் வெளியே நிறைந்திருக்கும் கால்சியம் உள்ளே பாய்ந்து செல்லையே கொன்றுவிடலாம். ஆகவே ஒட்டுவதும் அறுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வெளியே நின்று நசுக்கத் தாடை இல்லை. இந்த வேலைக்கான புரதங்கள் எல்லாம் உள்ளே, சைட்டோபிளாசம் என்ற செல்லின் உட்கூழில் இருக்கின்றன. செல் வெளிப்பொருளை விழுங்கும்போது சவ்வு உள்ளே குழிந்து நுண்பையாகும். அந்தப் பையின் கழுத்தைச் சுற்றிலும் சைட்டோபிளாசம்தான். அங்கே டைனமின் என்ற புரதம் கழுத்தை வெளிப்புறமாகச் சுற்றி நெரித்துவிடும். பாலத்தில் எல்லாம் தலைகீழ். சைட்டோபிளாசம் கழுத்துக்குள்ளே இருக்கிறது. கழுத்துக்குள் நின்றுகொண்டே கழுத்தை அறுக்க வேண்டும்.

விடை ஈஸ்டின் குப்பை அகற்றும் வேலையிலிருந்து வந்தது. தேவையற்ற சவ்வுப் புரதங்களை அழிக்க, எண்டோசோம் என்ற உறுப்பு தன் சவ்வைத் தனக்குள்ளேயே சிறு பைகளாக மடித்துக்கொள்ளும். அங்கேயும் கழுத்துக்குள்தான் சைட்டோபிளாசம். அமெரிக்காவில் ஸ்காட் எம்ரின் குழு 2001, 2002ல் இந்த வேலையைச் செய்யும் புரதக் கூட்டங்களை ஈஸ்டில் அடையாளம் கண்டு, எஸ்கார்ட் என்று பெயரிட்டது. எச்.ஐ.வி.யும் செல்லைவிட்டு வெளியேறும்போது இதே கூட்டத்தைத்தான் கடத்திப் பயன்படுத்துகிறது. வைரஸின் காக் புரதத்தில் உள்ள நான்கே அமினோ அமிலங்களின் வரிசை, டி.எஸ்.ஜி.101 என்ற எஸ்கார்ட் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. தன்னிடம் இல்லாத கத்தியை வைரஸ் நம்மிடமே எடுத்துக்கொள்கிறது!

2007ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜெரமி கார்ல்டனும் ஹுவான் மார்ட்டின்-செர்ரானோவும் மிட்பாடியில் இதே டி.எஸ்.ஜி.101 வந்து சேருவதைக் காட்டினார்கள். அதை நீக்கினால் செல்கள் சரியாகப் பிரியவில்லை. செப்55 என்ற புரதம் மிட்பாடியில் உட்கார்ந்து அதை அழைக்கிறது. அதன்பின் எஸ்கார்ட்-3 வகைப் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. 2011ல் சூரிச்சில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 17 நானோமீட்டர் தடித்த இழைகள் சவ்வின் உட்புறத்தை ஒட்டிச் சுருள்சுருளாகக் கிடந்தன. முறுக்கு பிழிந்ததுபோல் ஒரு சுருள், ஆனால் போகப்போகக் குறுகும் சுருள். அதோடு சேர்ந்து சவ்வும் குறுகுகிறது. ஸ்பாஸ்டின் என்ற புரதம் நடுவே நிற்கும் நுண்குழல்களை நறுக்கி வழிவிடுகிறது. வி.பி.எஸ்.4 என்ற இன்னொரு புரதம் ஆற்றலைச் செலவழித்து இழையிலிருந்து புரதங்களை ஒவ்வொன்றாக உருவி, சுருளை மாற்றியமைத்துக்கொண்டே இருக்கிறது. சவ்வு ஒட்டிப் பிரிகிறது.

இதற்கு முன்பே நுண்பைகள் பாலத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். ரேப்35 என்ற புரதம் வழிகாட்டும் பைகள், மிச்சமிருக்கும் ஆக்டினை அகற்றும் நொதியைக் கொண்டுவருகின்றன. ஆக்டின் அங்கேயே கிடந்தால் வெட்டு தாமதமாகும்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனையும் உண்டு. சில நேரம் குரோமோசோமின் துண்டு பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது அரோரா பி என்ற நொதி எஸ்கார்ட்டைக் காத்திருக்கச் சொல்கிறது. துண்டு விலகிய பிறகே கத்தி இறங்கும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் டி.என்.ஏ. சேதப்படும்.

வெட்டவே கூடாத இடமும் நம் உடலில் இருக்கிறது. விந்தணுவாக வளரும் செல்கள் பிரியும்போது பாலத்தை அறுக்காமல் வைத்திருந்து, கூட்டமாக இணைந்தே வளர்கின்றன. டெக்ஸ்14 என்ற புரதம் செப்55ஐப் பற்றிக்கொண்டு, எஸ்கார்ட்டை அண்டவிடாமல் தடுக்கிறது. எலிகளில் இந்த டெக்ஸ்14ஐ நீக்கியபோது பாலங்கள் நிலைக்கவில்லை. செல்கள் தனித்தனியாகிப்போயின. அந்த ஆண் எலிகளுக்கு விந்தணுவே உருவாகவில்லை.