மெய்ம்மை வேறு, நம்பகத்தன்மை வேறு

மதுரையில் பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்பவர்கள் சிலரின் விளம்பரங்களில் 'நம்பகத்தன்மை உறுதி செய்யப்பட்டது' என்ற தொடர் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. 'ஆதென்டிசிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வைக்கப்பட்ட இச்சொல், குரோனோகிராஃப் எனப்படும், நிகழ்வின் நேரத்தை அளக்கும் அரிய கைக்கடிகாரம் ஒன்றை மதிப்பிடும் இடத்தில் பொருளையே புரட்டிவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கம். ஒன்றைத் தன் கையாலேயே செய்தவர் என்ற பொருளில் தொடங்கி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. இன்னார் செய்தது, செய்தபடியே இருப்பது என்னும் இரண்டும் இன்று அதில் அடங்கும்.

நம்பகம் என்பதோ நம்புகிறவரைச் சார்ந்தது. சாட்சிக்கும் செய்திக்கும் அது பொருந்தும். நாள்தோறும் பிசகாமல் ஓடும் கடிகாரத்துக்கும் பொருந்தும். ஆனால் 1963-இல் வெளிவந்த ரோலெக்ஸ் டேடோனா 6239-ஐ எடுத்துக்கொள்வோம். சாவி கொடுத்து ஓடும் அதன் மெஷின் வால்ஜூ 72 என்னும் சுவிஸ் மெஷினை அடிப்படையாகக் கொண்டது; பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி ஒரு நிகழ்வு நீடிக்கும் நேரத்தை அதில் அளக்கலாம். சிறு வட்டங்களுக்குள் சதுர முனைக் குறிகள் கொண்ட, அம்மாதிரியின் அரிய டயலுக்கு, அமெரிக்க நடிகர் ஒருவரின் பெயரால் 'பால் நியூமேன்' என்று பெயர். அந்த நடிகர் கட்டியிருந்த கடிகாரமே 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. இத்தனை பணம் புழங்கும் இடத்தில், சாதாரண டயலைக் கழற்றிவிட்டுப் போலியாக அச்சிட்டதைப் பொருத்தி விற்பவர்கள் வராமல் இருப்பார்களா? அப்படி மாற்றிய கடிகாரத்தின் கேஸும் மெஷினும் பழையவையே. சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் நன்றாகவே ஓடும். நம்பகத்தன்மையில் அதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அது பால் நியூமேன் அன்று. மாறாக, பொத்தான் இறுகிப்போய் ஓடாமல் கிடக்கும் ஒன்று, எல்லா உறுப்புகளும் பிறந்தபடியே இருப்பதால், பல மடங்கு விலை பெறும்.

நிறுவனமே பிற்காலத்தில் மாற்றிக் கொடுத்த டயலும் உண்டு. அது போலியன்று, அக்கடிகாரத்தோடு பிறந்ததும் அன்று. ஒளிப்பூச்சில் இருந்த ட்ரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12 ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம் என்பதால், 1960களின் டயல் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதியது என்று அறியலாம். இவற்றில் எதையும் 'நம்பகம்' தொடவில்லை. தெற்காவணி மூல வீதியில் பொன்னைக் கல்லில் உரசுபவர் அதன் மாற்றை, அதாவது தூய்மையைத்தான் பார்க்கிறார், நகை அறுந்துபோகாமல் உழைக்குமா என்றல்ல.

கடைத்தெருவில் வழங்கும் 'அசல்' அரபு மூலம் உடையது. நகலோடு இணைந்து பத்திரத்துக்கும், வட்டியோடு இணைந்து கடனுக்கும் நன்றாக உழைக்கிறது. பேச்சில் அது இருக்கட்டும். 'அசல்தன்மை' என்று நீட்டினால் ஒட்டாமல் நிற்கிறது. அலுவலகங்கள் சான்றிதழுக்கு வழங்கும் 'உண்மைத்தன்மை' ஓரளவு ஏற்கத்தக்கதே, ஏனெனில் சான்றிதழ் ஒரு செய்தியைக் கூறுகிறது. கடிகாரம் எதையும் கூறுவதில்லை. உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை என்று நம் மரபு பிரித்து வைத்திருக்கும்போது, உடல் மட்டுமே உடைய ஒரு பொருளுக்கு மெய்ம்மையே உரிய சொல். அது புதிதாக ஆக்கப்பட்டதும் அன்று.

ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்களாக நிற்கும் பிசகாமல் உழைத்தல், சொல் நம்பத்தக்கதாக இருத்தல், போலியாக இல்லாதிருத்தல் ஆகிய மூன்றையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே 'நம்பகத்தன்மை'க்குள் திணிப்பதைப் பார்க்கும்போது, வறுமை தமிழில் இல்லை, தேடாத கையில்தான் இருக்கிறது என்று வருந்த வேண்டியுள்ளது. விற்பவர்கள் 'மெய்ம்மை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, டயல், முட்கள், பொத்தான்கள், மெஷின் ஆகியவற்றில் எது மெய்யானது, எது மாற்றப்பட்டது என்று தனித்தனியே குறிக்கட்டும். ஓட்டத்துக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதை அடுத்த வரியில் நம்பகத்தன்மை என்ற பெயரிலேயே எழுதலாம்.