சிவாரா: சொல்லும் பொருளும்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வாழும் பமானா மக்களின் சொல் சிவாரா. இதன் முதலெழுத்தைப் ‘பச்சை’ என்னும் சொல்லின் நடுவே ஒலிக்கும் சகரம்போல் அழுத்திச் சொல்ல வேண்டும். பம்பாரா என்றும் எழுதப்படும் பமானா மொழி, மாண்டே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழியில் ‘சி’ பயிர்த்தொழிலையும் ‘வாரா’ காட்டு விலங்கையும் குறிக்கும்.

இச்சொல் முதலில் ஒரு தொன்மப் பிறவியின் பெயர். பாதி மனிதனும் பாதி விலங்குமான சிவாரா, தன் நகங்களாலும் கூரிய கோலாலும் மண்ணைக் கிளறி மனிதருக்குப் பயிரிடக் கற்றுத்தந்தது என்றும், விளைச்சல் பெருகியதும் மக்கள் தானியத்தை வீணாக்கியதால் மண்ணுக்குள் புதைந்து மறைந்தது என்றும் சொல்லப்படுகிறது. அதன் நினைவைப் போற்றும் தீக்கைக் குழுவுக்கும் (சடங்கு செய்து உறுப்பினரைச் சேர்க்கும் குழு), அக்குழுவினர் ஆடும்போது அணியும் மரச்சிற்பத்துக்கும், வயலில் பிறரை விஞ்சி உழைக்கும் உழவருக்கு ஊரார் தரும் பட்டத்துக்கும் இதே பெயர்தான்.

பமானா மக்களின் தீக்கைக் குழுக்களாக ந்தோமோ, கோமோ, நாமா, கோனோ, சிவாரா, கோரே ஆகிய ஆறையும் ஆய்வாளர் வரிசைப்படுத்துவர். ஆயினும் எல்லா ஊர்களிலும் ஆறும் இருந்ததில்லை. விருத்தசேதனத்துக்கு முன் சிறுவர்கள் சேரும் ந்தோமோவில் அணிவது, முகத்தை மறைத்து, உச்சியில் சீப்புப் பற்கள்போல் கொம்புகள் நிற்கும் உண்மையான முகமூடி. கோமோவின் அணியோ, முதலையின் வாய்போல் நீண்ட தாடையும் கொம்புகளும் இறகுகளும் கொண்டு, தலையின்மேல் கிடைமட்டமாக அமர்வது. அதைச் செய்வதும் அணிவதும் ‘நுமு’ எனப்படும் கொல்லர் மரபினரின் உரிமை.

சிவாராவை முகமூடி என்று எழுதுவது பிழை. சிறிய கூடைத் தொப்பியில் தைத்து உச்சந்தலையில் நிறுத்தப்படும் அச்சிற்பம் முகத்தைத் தொடுவதே இல்லை; நார்த்திரைதான் ஆடுபவரின் முகத்தையும் உடலையும் மறைக்கிறது. மாலியின் தெற்கே பூகுனிப் பகுதியில் இதை ஒத்த அணியைச் ‘சோகோனி குன்’, அதாவது சிறு இரலைத் (மான் போன்ற கொம்புள்ள விலங்கு) தலை, என்கின்றனர். பமானா மொழியில் ‘குன்’ என்பது தலை. ஆகவே தமிழில் ‘முடியணி’ என்பதே பொருந்தும்.

ஆண், பெண் உருவங்களின் இணையாகவே இது ஆடப்படும். பெண் உருவின் முதுகில் பெரும்பாலும் ஒரு குட்டி இருக்கும். மாலியின் செகூப் பகுதி முடியணிகள் நெட்டுக்குத்தாக நின்று, ஆண் உருவின் பிடரி வளைவுகளாகக் குடையப்பட்டிருக்கும். தலைநகர் பமாக்கோவைச் சூழ்ந்த பகுதியில் அவை கிடைமட்டமானவை. இரலையின் கொம்போடு, மண் தோண்டும் ஆர்ட்வார்க் என்னும் ஆப்பிரிக்க விலங்கு, அழுங்கு ஆகியவற்றின் சாயலும் இவற்றில் கலந்திருக்கும். ஆடுவோர் இரு கோல்களை ஊன்றிக் குனிந்து, இரலையின் அசைவோடு நகர்வர்.

இச்சொல்லுக்கு ‘உழவு விலங்கு’ என்னும் பெயர்ப்பைத் தவிர்க்க வேண்டும். அது ஏர் இழுக்கும் மாட்டையே நினைவூட்டும். பமானா உழவரின் மரபுக் கருவி ஏரல்ல, ‘தபா’ என்னும் குறுங்காம்பு மண்வெட்டி. சிவாராவோ எவருக்கும் பணிந்து உழைக்கும் விலங்கல்ல, தானே மண்ணைக் கிளறிக் கற்பித்த காட்டுயிர். பொருள் விளக்கமாக ‘பயிர்த்தொழில் கற்பித்த காட்டு விலங்கு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பெயரைச் சிவாரா என்றே ஆள்வதும், அணியைச் ‘சிவாரா முடியணி’ என்றும் குழுவைச் ‘சிவாராக் குழு’ என்றும் பிரித்தெழுதுவதும் தக்கது.