பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள்: பழைய டெலிபோன் ஒயரில் நெட்வொர்க்

"சுவருக்குள்ளதான் டெலிபோன் ஒயர் ஓடுதே, அதுலயே நெட்வொர்க் போட்டுடலாமே?" சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. போடலாம். 1990-இல் வந்த 10பேஸ்-டி என்ற நெட்வொர்க் தரமே டெலிபோன் வகை முறுக்கு ஒயரை (இரண்டிரண்டு கம்பியாக முறுக்கியது) மனதில் வைத்து உருவானதுதான்: இரண்டு ஜோடி, 100 மீட்டர், நொடிக்கு 10 மெகாபிட். பில் போட, மெயில் பார்க்க, பிரிண்டருக்கு அனுப்ப அது இன்றும் தாங்கும். ஒயரைப் பார்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகும்போதுதான் வம்பு.

அந்த ஒயரில் போன் இன்னும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 48 வோல்ட் டிசி இருக்கும், மணி அடித்தால் அதன்மேல் 70, 90 வோல்ட் ஏசி வேறு ஏறும். கம்ப்யூட்டர் போர்ட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதனால் இரண்டு முனையிலும் போனைக் கழற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம் உறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கேட் 5 (நெட்வொர்க்குக்கு ஏற்ற ஒயர் ரகம்) என்றிருந்தால் அதிர்ஷ்டம்தான், 100 மெகாபிட்டே ஓடும். முறுக்கே இல்லாத தட்டை ஒயர் என்றால் விட்டுவிடுங்கள். போனுக்கு ஒரு ஜாக்கிலிருந்து அடுத்த ஜாக்குக்குத் தாவிப் போகும் ஒயரே போதும். நெட்வொர்க்குக்கு ஒவ்வொரு மேஜையிலிருந்தும் சுவிட்ச் (எல்லா ஒயரும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) வரை நடுவில் கிளை எதுவும் இல்லாத தனி ஒயர் வேண்டும்.

ஒரு ஆபீஸில் ஆறு மேஜைகளில் ஒன்று மட்டும் படுத்தியது. இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பச்சை லிங்க் லைட் எரிகிறது, டெஸ்டரில் எல்லா ஒயரின் எண்ணும் வரிசையாக வருகிறது, ஆனால் பெரிய ஃபைல் அனுப்பினால் பாதியில் திணறுகிறது. கார்டை மாற்றி, சுவிட்சை மாற்றி, அரை நாள் போனது (என் தவறுதான், ஜாக்கை முதலிலேயே திறந்திருக்க வேண்டும்). திறந்தால், போன் பழக்கத்தில் ஜாக்கின் முனைகளில் 1-2, 3-4, 5-6 என்று ஜோடி ஜோடியாகக் குத்தியிருக்கிறார்கள். நெட்வொர்க்குக்கு ஜோடி 1-2, 3-6. ஆக, 3 ஒரு முறுக்கிலும் 6 வேறொரு முறுக்கிலும் போகிறது. தொடர்ச்சி பார்க்கும் சாதா டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது, அதற்கு ஒயர் முனைக்கு முனை போய்ச் சேர்ந்தால் சரி. ஆனால் முறுக்கு பிரிந்துவிட்டதால் ஒரு ஜோடியின் இரைச்சல் மற்றதில் கலந்துவிடும். போதாக்குறைக்கு ஜாக்குக்குள் ஒரு விரல் நீளத்துக்கு முறுக்கை வேறு அவிழ்த்து விட்டிருந்தார்கள். மறுபடி குத்தியதும் சுவிட்சின் பிழைக் கணக்கு ஏறுவது நின்றது.

இன்னொன்று, இன்றைய கருவிகளில் இது நிறையப் பேரைக் குழப்புகிறது. ஜிகாபிட்டுக்கு (நொடிக்கு 1000 மெகாபிட்) நான்கு ஜோடியும் வேண்டும், ஆனால் எந்த வேகம் என்ற பேச்சுவார்த்தை இரண்டு ஜோடியிலேயே முடிந்துவிடும். உங்களிடம் இருப்பதே இரண்டு ஜோடி என்றால், இரு முனையும் ஜிகாபிட்டுக்கு ஒத்துக்கொண்டு அப்புறம் லிங்க்கே வராமல் நிற்கலாம். சுவிட்சில் அந்த போர்ட்டின் உச்ச வேகத்தைக் குறைத்து வையுங்கள், ஆனால் ஆட்டோவை (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது) அணைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கட்டிப்போட்டால் எதிர்ப்பக்கம் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும், அந்தத் தலைவலி தனி.

கேமரா பதிவு, பெரிய டிசைன் ஃபைல் என்று வேலை இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், புது கேபிளே இழுங்கள். பழைய ஒயர் குழாய்க்குள் தளர்வாக அசைகிறதென்றால் அதன் முனையிலேயே புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். சுவரோடு கிளிப் அடித்திருந்தால் அந்த வழி இல்லை, ஆகவே ஆளை வரச் சொல்வதற்கு முன் இரு பக்கமும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.